விபிஎன் விற்கும் பையனைப் பற்றி விசாரித்தது

அந்த ஒரு வாரத்தில் மட்டும் கதாயூனின் கைபேசியில் மூன்று விபிஎன்கள் செத்துப்போயின. பாதி இணையத்தை அரசாங்கம் பூட்டிவைத்து, விபிஎன் என்ற கள்ளச்சாவியால் மட்டுமே திறக்க முடிகிற ரஷ்த் நகரத்தில் இதெல்லாம் ஒரு செய்தியே அல்ல. அங்கே இருவர் சந்தித்தால் நலம் விசாரித்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, "உங்களுது வேலை செய்யுதா?" என்பதுதான். எது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. வீட்டுக்கு நாலு விபிஎன் இருக்கும். அதில் ஒன்று இழுத்துக்கொண்டு கிடக்கும்.

மற்றவர்களுக்கு அது படம் பார்க்கவும் அரட்டை அடிக்கவும். கதாயூனுக்கு அதுதான் பிழைப்பு. ஐம்பத்து மூன்று வயதுக்காரி, மனநல ஆலோசகர். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, வீடியோ அழைப்பில் பெண்கள் சொல்லும் கஷ்டங்களைக் கேட்பாள். டாக்டர் பட்டம் வாங்கியதில்லை. ஆனாலும் ஊர் முழுக்க அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறது. கம்ப்யூட்டரைத் துடைக்கத் தெரிந்தவனைக்கூட இன்ஜினியர் என்று கூப்பிடுகிற ஊர் அது. அவளும் மறுத்து மறுத்து அலுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஆறு மணி மஹீனுடையது. மஹீன் லாஹிஜானில் பள்ளிக்கூட ஆசிரியை. பதினெட்டு வாரமாக வருகிறாள். தலைமை ஆசிரியையின் வாயைப் பற்றிப் பேசுவாள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவாள், பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றிக்கூடப் பேசிவிட்டாள். எதைச் சொல்ல வந்தாளோ அது மட்டும் வரவில்லை. கதாயூனும் அவசரப்படுத்தவில்லை. அந்த வியாழன் மஹீனின் முகம் மாறியது. கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "டாக்டரம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"உங்க விபிஎன் யாருகிட்ட வாங்கினது?"

"அது... 'வெள்ளைப் பருந்து'ன்னு ஒரு டெலிகிராம் சேனல்மா."

"பருந்துக்குப் பின்னால இருக்கறது யாரு?"

கதாயூன் விழித்தாள்.

"என் தங்கச்சி புருஷன் இதைத்தான் விக்கிறான்" என்றாள் மஹீன். "சாப்பாட்டு விரிப்புல உக்காந்துக்கிட்டு, யாரு எத்தனை மணிக்கு எங்க போறான்னு எல்லாம் என் கையிலன்னு பீத்திக்கிறான். ஒரு பேருலயா விக்கிறான்? பத்து பேரு வச்சிருக்கான். உங்க பருந்து அவனா இருந்தா நான் என்ன பண்ணுவேன்? என் பக்கம் பயமில்ல. ஜெர்மனியில இருக்கிற சிநேகிதி போட்டுக் குடுத்தது. உங்க பக்கம்தான் எனக்குத் தெரியல."

"மஹீன் கண்ணு, நான்..."

"அடுத்த வியாழன் வரைக்கும் பாக்கறேன். யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு, நம்பலாம்னு உங்க வாயால சொல்லுங்க. இல்லேன்னா கோவிச்சுக்காதீங்க, நான் இனிமே வரல."

திரை அணைந்த பிறகும் கதாயூன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பின்னறைத் திரைச்சீலையின் நிறத்துக்காக மூன்று கடை ஏறி இறங்கியவள் அவள். பேச வருகிறவர்களின் கண்ணை உறுத்தக் கூடாதென்று விளக்கைக்கூட மாற்றியிருந்தாள். அத்தனை பெண்களின் பேச்சும் யார் கை வழியாகப் போகிறது என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. இந்தப் பெண் போய்விட்டால் இன்னொரு ஆளிடம் போய் வாயைத் திறக்க மாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள், மஹீனின் பெயரை மட்டும் விட்டுவிட்டு. கணவன் ஹூஷங் மூக்குக்கண்ணாடிக் கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருப்பவர். தன்னுடைய விபிஎன் ஓசி என்றும், அருமையாக ஓடுகிறது என்றும் சொன்னார்.

"ஓசின்னா எவன்பா சும்மா சேவை செய்யறான்?" என்றாள் மகள் பர்தீஸ். கடையில் கண் பரிசோதிக்கிறவள் அவள்தான். "நீ எங்க போற, என்ன பாக்கறன்னு எல்லாத்தையும் வித்துக்கிட்டிருப்பான். அம்மா, நீ மூணு விஷயம் பாரு. கம்பெனி யாருது? நாம எங்க போறோம்னு பதிவு வச்சுக்கறானா? வைக்கலைன்னு சொன்னா, வெளியாள் யாராவது உள்ள போய்ச் சோதிச்சுப் பாத்திருக்காங்களா?"

கதாயூன் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தாள். எல்லாக் கம்பெனியும் பதிவு வைப்பதில்லை என்றே எழுதியிருந்தது. ஒன்று ஏதோ தீவில் இருந்தது. இன்னொன்று யாருடையது என்று அதற்கே தெரியாதுபோலிருந்தது.

"எங்க பையன் சிகரெட்டைக் கையால தொட்டதில்லன்னுதான் எல்லா மாப்பிள்ளை அம்மாவும் சொல்றா" என்றாள் கதாயூன்.

"சோதனை பண்ணின நல்ல கம்பெனி ரெண்டு மூணு இருக்கும்மா. ஆனா நம்ம நாட்டு பேங்க் கார்டை வெளிநாட்டுல எவன் வாங்கறான்? நடுவுல ஒருத்தன் வாங்கித்தான் குடுக்கணும்."

"அப்ப எப்படிச் சுத்தினாலும் நடுவுல ஒரு ஆள் இருந்தே தீருவான்."

"இருப்பான்."

"அவன் எப்படிப்பட்டவன்னு பாத்துட்டாப் போச்சு" என்றாள் கதாயூன். அவள் முகம் அப்போதுதான் தெளிந்தது. கம்பெனிகளை எடைபோட அவளுக்கு வராது. ஆனால் ஆளை எடைபோடுவதில் அவளை மிஞ்ச ரஷ்த்தில் ஆள் கிடையாது. தங்கைகளுக்கும் அண்ணன் பெண்களுக்கும் வந்த பதினோரு மாப்பிள்ளைகளைத் தெருத் தெருவாகப் போய் விசாரித்து, ஏழு பேரை விரட்டியடித்தவள் அவள். மீதி நாலு பேரும் இன்றைக்கும் நல்ல கணவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

மருந்துக்கடை அம்மாள் விபிஎன் விற்கும் ஒரு பையனைச் சொன்னாள். பெயர் குபாத், இருபத்தொன்பது வயது, சப்ஸே மைதானத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தாயோடு இருக்கிறான். வேறொன்றும் அவளுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் கதாயூன் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் நுழைந்தாள்.

முதலில் ரொட்டிக்கடை. எந்த விசாரிப்பும் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். யதுல்லா அடுப்பிலிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"குபாத்தா? தங்கம்மா அவன்! ஒத்த ரொட்டி வாங்கறவங்களுக்குன்னு தனி வரிசை இருக்குல்ல, அதுல பூந்து மூணு வாங்கினதை நான் ஒருநாளும் பாத்ததில்ல. இந்தச் சந்துல அப்படிச் சொல்லக்கூடிய ஆம்பள இன்னொருத்தன் கிடையாது."

"நம்பலாமா?"

"கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்."

"ஒரு விஷயம் காதுல விழுந்தா வெளிய சொல்லுவானா?"

யதுல்லா மாவுக் கையோடு எதிர்வீட்டைக் காட்டினார். "அதை மோனீர்கிட்ட கேளுங்க. அவ வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்."

மோனீர் தையல்காரி. அந்தச் சந்தின் செய்தி எல்லாம் அவள் மிஷின் வழியாகத்தான் போகும். குபாத் பெயரைக் கேட்டதும் அவள் முகம் சுண்டிப்போனது.

"வாயா அது? அங்க பூட்டுல்ல தொங்குது! மூணாவது வீட்டு மஹ்வஷோட புருஷன் போன வருஷம் ஓடிப்போனான். அவ ஃபோன் உடைஞ்சு இவன்தான் ரெண்டு நாள் வச்சிருந்து சரி பண்ணான். அதுல எல்லாம் இருந்திருக்கும், இல்லையா? நான் இவனுக்கு ரெண்டு சட்டை ஓசியா தச்சுக் குடுத்தேன் டாக்டரம்மா. ஓசியா! வாங்கிப் போட்டுக்கிட்டு, 'கை வலிக்கலையே மோனீர் அக்கா'ன்னு கேட்டான். ஒரு வார்த்தை வெளிய வரலையே! எவகூட ஓடினான்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது."

கதாயூனுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. உலகத்தில் எந்தக் கம்பெனிக்கும் இப்படியொரு நற்சான்று கிடைத்திருக்காது.

அவள் சந்தின் முனை திரும்புவதற்குள் யதுல்லா கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு குபாத்தின் தாய் அக்தஸிடம் ஓடிவிட்டார். வழக்கப்படி பையன் வீட்டார் பெண் கேட்ட பிறகுதான் பெண்ணின் தாய் இப்படித் தெருவில் இறங்கி விசாரிப்பாள். இங்கே கேட்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். அக்தஸ் கொஞ்ச நேரம் திகைத்தாள், பிறகு பூரித்தாள். கண்ணாடிக் கடை ஹூஷங்கின் வீட்டம்மா என்றும், அந்த வீட்டில் கல்யாணமாகாத பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றும் மாலைக்குள் சந்துக்கே தெரிந்துவிட்டது. கதாயூன் ஒருத்திக்குத்தான் தெரியாது.

திங்கட்கிழமை பர்தீஸ் கடையிலிருந்து அலுப்போடு வந்தாள்.

"இன்னிக்கு ஒரு அம்மா வந்தா. அடி வரியில இருக்கிற பொடி எழுத்து வரைக்கும் கடகடன்னு படிச்சிட்டா. உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம்னு சொன்னேன். அதுக்குப் போய்க் கண் கலங்கி, என் கன்னத்தைக் கிள்ளி, 'பொய் சொல்லி விக்கலையே கண்ணு'ங்கறா. அப்புறம் மீன் சமைக்கத் தெரியுமான்னு கேக்கறா!"

"பாவம், தனியா இருக்கிறவளா இருக்கும்" என்றாள் கதாயூன். ஊருக்கெல்லாம் மனதைப் படித்துச் சொல்கிறவள் இவள்.

அன்றே குபாத்துக்கு அழைத்தாள். முகம் பார்க்காமல் வாங்கும் வழக்கம் தனக்கு இல்லை என்றும், வியாழன் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்றும், தன் கணவரும் இருப்பார் என்றும் சொன்னாள். மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"அம்மாவையும் கூட்டிட்டு வரலாமா?"

எவ்வளவு மரியாதையான பிள்ளை, தெரியாத வீட்டுக்குத் தனியாக வரக்கூட யோசிக்கிறான் என்று அவளுக்கு உருகிவிட்டது. "அது என்ன கேள்வி? உங்க காலடி எங்க கண்ணு மேல!" என்றாள்.

வியாழன் ஐந்து மணிக்கு மழையோடு மழையாக மணி அடித்தது. கதவைத் திறந்த கதாயூன் அப்படியே நின்றாள். லேப்டாப் பையை எதிர்பார்த்த கையில் ஒரு பெரிய பூங்கொத்து இருந்தது. குபாத் கோட்டு சூட்டில் நனைந்துபோய் நின்றான். பக்கத்தில் நல்ல சால்வை போர்த்திய ஒரு அம்மாள், இனிப்புப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பூவும் இனிப்பும் ஒரே நேரத்தில் ஒரு வீட்டு வாசலுக்கு எதற்கு வரும் என்பது அந்த நாட்டில் ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் கதாயூன் வாயிலிருந்து பழக்கதோஷத்தில் வந்தது, "வாங்க வாங்க, வீடே வெளிச்சமாச்சு" என்பதுதான். பைஜாமாவோடு சோபாவில் கிடந்த ஹூஷங் எழுந்து உள்ளே பாய்ந்தார்.

டீ வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். ஹூஷங்கின் உடம்பைப் பற்றி மூன்று முறை கேட்டார்கள். எப்படிச் சொல்வது என்று கதாயூன் மனதுக்குள் வாக்கியங்களைக் கட்டிக் கட்டிக் கலைத்துக்கொண்டிருந்தபோது, மழையால் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு பர்தீஸ் வந்து நின்றாள். பூவைப் பார்த்தாள். இனிப்பைப் பார்த்தாள். அக்தஸைப் பார்த்தாள்.

"நீங்கதானே கண்ணாடி வேண்டாத அம்மா?" என்றாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா. என்ன பண்ணி வச்சிருக்க?"

"ஐயோ, நான் விசாரிச்சது விபிஎன்னுக்குடி!" என்று கதாயூன் அலறிவிட்டாள். "அக்தஸ் அம்மா, என்னை மன்னிக்கணும். எனக்கு நம்பிக்கையா ஒரு விபிஎன் வேணும். அதை விக்கிறவன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி இதுதான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

குபாத் தன் ஷூவைப் பார்த்தான். அக்தஸின் முகம் சிவந்தது.

"ஃபோனுக்குள்ள இருக்கிற அந்தச் சனியனுக்காகவா எங்க சந்து முழுக்க என் பிள்ளையோட குணத்தைக் கேட்டீங்க?"

"ஆமா."

அக்தஸ் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"சரி, என்ன சொன்னாங்க?" என்றாள் அக்தஸ்.

கதாயூன் ஒன்றுவிடாமல் சொன்னாள், ரொட்டி வரிசையை, இரண்டு சட்டையை, மோனீரின் வயிற்றெரிச்சலை. அக்தஸ் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகன், "அம்மா, போதும்" என்று முனகினான். பர்தீஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அவனும் சிரித்துவிட்டான். சட்டையை நினைத்துத்தான் சிரித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

மணி ஐந்தரை தாண்டியது. கதாயூன் அவனைப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். நேராகக் கேட்டாள்.

"இன்ஜினியர், உன்கிட்ட வாங்கினா நான் பேசறது உனக்குக் கேக்குமா?"

"பேசறது கேக்காது டாக்டரம்மா. அதுக்குத் தனிப் பூட்டு இருக்கு. ஆனா யாரு, எப்ப, எவ்வளவு நேரம் போறாங்கன்னு நான் நெனச்சா பாக்கலாம். பாக்கறதில்ல, எழுதியும் வைக்கறதில்ல. ஆனா அது என் வாய் வார்த்தைதானே? யாரு வேணாலும் அப்படிச் சொல்லலாம்."

"அப்ப?"

"என்கிட்ட வாங்காதீங்க. வெளிநாட்டுல உங்களுக்குன்னு தனியா ஒரு சர்வர் எடுத்துத் தரேன். வேற யாரும் அதுல கிடையாது. அதோட சாவியை, பாஸ்வேர்டைத்தான் சொல்றேன், உங்க கையாலயே மாத்திடுங்க. நான் கதவைத் தட்டினாக்கூட அப்புறம் திறக்காது. சர்வரை வாடகைக்கு விடற கம்பெனிக்காரன் ஒருத்தன்தான் மிச்சம். அவனுக்கு உங்களையும் தெரியாது, உங்ககிட்ட பேசறவங்களையும் தெரியாது."

தன்னை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவைக்கிற வியாபாரியைக் கதாயூன் அன்றுதான் பார்த்தாள். அவன் வேலை செய்தான். அவள் தன் கையாலேயே சாவியை மாற்றினாள். எல்லாம் முடிந்து அவன் எழுந்தபோது, வெளியே கூடத்தில் அக்தஸ் ஹூஷங்கிடம் ரகசியமாகச் சொல்வது சாத்திய கதவைத் தாண்டித் தெளிவாக உள்ளே வந்தது. "பொண்ணுக்கு மூக்கு எடுப்பா இருக்கு."

குபாத் காது வரை சிவந்தான். கதாயூன் சிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது டாக்டரம்மா" என்றான் அவன் மெதுவாக. "கதவு ரொம்ப மெல்லிசு."

அவள் வெளியே வந்தாள்.

"ஹூஷங், இத்தனை நாளா உள்ள பேசறது உங்களுக்குக் கேட்டுதா?"

ஹூஷங் டீ கிளாஸை வைத்தார். "நீ இந்த வேலையை ஆரம்பிச்ச முதல் வாரம் ஒரு வரி கேட்டுது. யாருதுன்னு தெரியாது. அதுக்கப்புறம் எதுவும் கேக்கல."

"எப்படிக் கேக்காம இருக்கும்?"

"நீ உள்ள போய்க் கதவைச் சாத்தினதும் நான் கீழ போயிடுவேன். நீ வெளிய வர்றதுக்குள்ள ஏறி வந்துடுவேன்."

"டிவி பாத்துக்கிட்டிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்! கீழ எங்க போவீங்க?"

"எங்கயும் இல்ல. சலவைக் கடை வாசல்ல நிப்பேன்."

"இந்த மழையிலயா? ஒவ்வொரு தடவையுமா?"

"அவங்க உன்னை நம்பித்தானே பேசறாங்க" என்றார் ஹூஷங். ஏதோ ரொட்டி வாங்கப் போனதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதரைக் கதாயூன் கண் கொட்டாமல் பார்த்தாள். அவரை இவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அவர் தலையை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

மணி ஆறாக மூன்று நிமிஷம் இருந்தது. ஹூஷங் குடையை எடுத்தார். பர்தீஸ் இன்னொன்றை எடுத்தாள். அக்தஸ் மட்டும் அசையவில்லை.

"நான் வயசானவ. காது கேக்காதவ மாதிரி ஒரு ஓரமா உக்காந்திருக்கேனே."

"அம்மா, எழுந்திரு" என்றான் குபாத்.

"பிள்ளையைப் பெத்தேனா, போலீஸ்காரனைப் பெத்தேனா" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்தாள். போகிறபோது இனிப்புப் பெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

மஹீன் சரியாக ஆறு மணிக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே, "யாருன்னு தெரிஞ்சுதா?" என்றாள்.

கதாயூன் எல்லாவற்றையும் சொன்னாள். பழைய பருந்து யாரென்று கடைசிவரை தெரியவில்லை என்பதை மறைக்கவில்லை. குபாத் சொன்னதைச் சொன்னாள், பூங்கொத்தைச் சொன்னாள். கதவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. இந்தப் பெண் எழுந்து போனால் போகட்டும், பொய்யின் மேல் உட்கார்ந்து இவள் சொல்வதைக் கேட்க முடியாது என்று நினைத்து, அதையும் சொன்னாள்.

"கதவைத் திங்கக்கிழமை மாத்திடுவேன். ஆனா இந்தப் பதினெட்டு வாரமும் அது இப்படித்தான் இருந்தது, மஹீன். நான் ஒரு தடவைகூட வெளிய நின்னு கேட்டுப் பாக்கல. அது என் தப்பு. நீ இப்பவே போறேன்னாலும் எனக்கு வருத்தம்தான் இருக்கும், கோவம் இருக்காது."

திரையில் மஹீன் அசையாமல் நின்றாள். அழைப்பு அறுந்துவிட்டதோ என்று கதாயூன் திரையைத் தொட்டுப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"இப்ப எல்லாரும் எங்க?"

"கீழ."

"பொண்ணு பாக்க வந்தவங்களுமா?"

"அவங்களும்தான்."

"காட்டுங்க."

கதாயூன் கைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். மழை சாய்வாகப் பெய்தது. மூடியிருந்த சலவைக் கடையின் வாசலில் இரண்டு குடைகளுக்குக் கீழே நாலு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அக்தஸ் பெட்டியைத் திறந்து ஹூஷங்குக்கு ஒரு இனிப்பைக் கொடுத்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். பர்தீஸின் குடை குபாத்தின் தோள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஜன்னல் திறந்த சத்தம் நிச்சயம் கேட்டிருக்கும். நாலு பேரும் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரும் மேல பாக்கல" என்றாள் மஹீன்.

"பாக்க மாட்டாங்க."

மஹீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஜன்னலைச் சாத்துங்க டாக்டரம்மா" என்றாள். "சொல்றேன்."